முடிவு பார்க்காத படம்

எங்கள் தோட்டத்தில் வீரம்மாவின் கூடையில் மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்து போடுவார்கள். அது இரக்கப்பட்டுப் போட்டதல்ல. படத்துக்காகப் போட்டது.

தோட்டம் இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே இருக்கிறது. படம் பார்க்க அட்டனுக்கு ரயிலேற வேண்டும். எல்லாரும் போய்வர முடியாது. அதனால் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். புதுப்படம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் எல்லாரும் சேர்ந்து ஒருத்தியை ஞாயிற்றுக்கிழமை அனுப்புவார்கள். திங்கட்கிழமை மலையில் தேயிலைச் செடி வரிசையில் நிரை பிடித்து நிற்கும்போது அவள் அந்தப் படத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாட்டு வரும் இடத்தில் பாட வேண்டும், அழும் இடத்தில் அழ வேண்டும். கதை சொல்கிறவளுக்குக் கை ஓடாது. அந்தக் குறையை நிரப்பத்தான் பிடிக் கொழுந்து.

சில வருஷங்களாக அனுப்பப்பட்டவள் வீரம்மாதான். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒருவர் எப்படி நடந்தார், எப்படித் திரும்பிப் பார்த்தார், எந்தத் தோளைச் சாய்த்தார் என்று ஒருமுறை பார்த்தால் போதும், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவர் வந்து நிற்பார். அடுத்த நிரையில் நிற்கும் என் அம்மா அழகம்மா, அட்டனில் பார்க்கும் படத்தைவிட வீரம்மா காட்டும் படம்தான் நல்லது என்பாள். அம்மா அட்டனில் அதுவரை பார்த்திருந்தது ஒரே ஒரு படம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வந்தபின் நல்ல கலை எது, மட்டமான கலை எது என்று நண்பர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு வீரம்மாவின் நினைவு வரும். வாதம் அங்கேயே நின்றுவிடும். அவளைப் பற்றி எழுதிவிட்டால் ஏதாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

வீரம்மாவின் புருஷன் இராமையா கவ்வாத்துக்காரர், செடி வெட்டுகிறவர். கொழுந்து மடுவத்தில் எடை போடும்போது பெரிய கங்காணி முத்துக்கருப்பன் கூடைக்கென்று கழிக்கும் எடை, கூடையின் எடையைவிட அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், தோட்டத்துத் துரை நிற்கும்போது, இராமையா அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டார். துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணி இடது தோளைச் சாய்த்து நடந்து முன்னால் வந்து, துண்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படி ஒன்றும் இல்லை என்றார். அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பொய் சொல்வதற்கு முன்னால் வாயைத் துடைப்பார். அது பொய்யோடு சேர்ந்து வரும் பழக்கம் என்பதை அந்த நாளில் கவனித்தவள் வீரம்மா ஒருத்திதான்.

அதற்குச் சில நாள் கழித்துத் தீமிதி. தோட்டமே கோயிலில் நின்றது. மறுநாள் இராமையாவின் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. வந்த பொலிஸ்காரர் அடுப்பைப் பார்க்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. வாசலில் ஏணியைப் போட்டு, கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு மூலைக்கு நேரே கையை விட்டார். அங்கிருந்து தேயிலைத் தூள் மூட்டை ஒன்று வந்தது. தூள் அரைக்கும் ஸ்டோரிலிருந்து திருடியதாம். வாசலில் நின்ற கங்காணி துண்டின் நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, “நான் என்னத்தக் கண்டேன்” என்றார்.

இராமையா மறியலுக்குப் போனார், சிறையில் இருந்தார். திரும்பி வந்தபோது தோட்டப் பதிவில் அவர் பெயர் இல்லை. கொத்மலைப் பக்கம் ஒரு சிங்களவரின் வயலில் வேலைக்குப் போனார். அங்கே காய்ச்சலில் இறந்தார். செய்தி வந்து சேரும் முன்பே அவரைப் புதைத்துவிட்டார்கள். வீரம்மா மண் போடவும் இல்லை.

அவளைத் தோட்டத்தை விட்டுத் துரத்தவில்லை. அவள் கை வேகமான கை. ஆனால் மடுவத்தில் அவளுடைய முறை வரும்போது கங்காணி, “தூளு, கூடைய வை” என்பார். பேர் ஒட்டிக்கொண்டது. லயத்து வீடுகளின் சின்னப் பிள்ளைகள்கூட அவளைத் தூளு என்று கூப்பிட்டார்கள். அவள் பதில் பேசுவதில்லை, கூடையை வைப்பாள். ஒரேயொரு முறை என் அம்மாவிடம் சொன்னாளாம்: “எனக்குக் கங்காணி சாகணும்னு இல்ல அழகம்மா. மூட்டைய வச்சது யாருன்னு அந்த வாய் சொல்லணும். துடைக்காம சொல்லணும்.”

அந்தக் காலத்தில் தொழிலாளர் சங்கம் தோட்டத்துக்குள் வந்து கங்காணியின் அதிகாரம் தேயத் தொடங்கியிருந்தது. பெரட்டில் அவருக்காக யாரும் தலைப்பாகையை அவிழ்ப்பதில்லை. அவருக்கு மிஞ்சியிருந்தது கோயில் தலைமை ஒன்றுதான். தை மாதம் அதற்கும் தேர்தல் வரவிருந்தது. ஆகவே தீபாவளியன்று கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி ஒரு வாக்குக் கொடுத்தார். மார்கழியில் வழக்கம்போல இளவட்டங்கள் உட்கார்ந்து, அந்த வருஷம் வந்த படங்களில் எது நல்ல படம் என்று பேசி முடிவு செய்யட்டும். எது என்று சொல்கிறார்களோ அந்தப் படத்தை, மெஷினோடு லொறியில் ஏற்றி வந்து, மாசித் திருவிழாவில் பெரட்டுக் களத்தில் காட்டுகிறேன் என்றார். தோட்டப் பள்ளிக்கூடத்து தம்பிஐயா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நியாயமான மனிதர். அவரைச் சாட்சியாக வைத்தார்.

கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற வீரம்மா அதைக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பெண்கள் அவளை அட்டனுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை நிரையில் நின்று அவள் சொன்ன படத்துக்குப் பேர் இல்லை. ரயில் பிந்தியதால் பேர் போட்ட பிறகுதான் உள்ளே போனாளாம். வெளியே எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாதாம். முடிவும் தெரியாதாம். கடைசி ரயிலைப் பிடிக்க நடுவில் எழுந்து வந்துவிட்டாளாம். ஆனால் நடுவில் பார்த்தது போதும் என்றாள்.

ஒரு ராஜாவின் நாட்டில் குங்குமப்பூ விளைகிறது. பறிக்கிறவர்கள் ஏழைகள். நிறுத்து வாங்குகிறவன் மந்திரி. மந்திரி எடையில் கழிக்கிறான். ஒரு குடியானவன் ராஜாவின் முன்னால் அதைக் கேட்டுவிடுகிறான். ஊர் முழுக்கத் திருவிழாவுக்குப் போயிருக்கும்போது மந்திரி அவனுடைய கூரைக்குள் ஒரு குங்குமப்பூ மூட்டையை ஒளித்து வைக்கிறான். சேவகர்கள் வருகிறார்கள். அடுப்பைப் பார்க்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. நேரே ஏணியைப் போடுகிறார்கள்.

அந்த இடத்தில் நிரையே நின்றுவிட்டதாம். வீரம்மா மந்திரியாக நடந்து காட்டினாள். இடது தோளைச் சற்றுச் சாய்த்து நடந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்கின் நுனியைத் தூக்கி வாயைத் துடைத்தாள். “நான் என்னத்தக் கண்டேன்” என்றாள். பிறகு குடியானவனின் மனைவி பாடுகிற பாட்டு:

கூரைமேலே காக்கா வந்தா ஊருக்கே தெரியும் — ஏ மந்திரி,
கூரைக்குள்ளே கைய விட்டா யாருக்குத் தெரியும்?

அன்று அவளுடைய கூடை சீக்கிரம் நிரம்பிவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் மந்திரி படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ராத்திரி பெண்கள் அதைப் புருஷன்மாருக்குச் சொன்னார்கள். பாட்டு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வந்தது, பிள்ளைகளின் வாய்க்கு வந்தது. மார்கழி வருவதற்குள் தோட்டத்தில் எல்லாருக்கும் அந்தப் படம் மனப்பாடம். ஆண்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பார்க்காத படத்தைப் பற்றி வாதாடுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் வாதங்களில் பாதி அப்படிப்பட்டவைதான்.

நான் அப்போது அட்டனில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்தபோது அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். அப்படி ஒரு படம் அட்டனுக்கு வரவேயில்லையே என்று வாயெடுத்தேன். அம்மா சோற்றுக் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டேன்.

மார்கழியில் பனி விழுந்து கொழுந்து குறையும். அரை நாளோடு வேலை முடியும். மடுவத்துக்குப் பின்னால், முடி வெட்டும் சின்னத்தம்பியின் நாற்காலியைச் சுற்றித்தான் வாதம் நடக்கும். அந்த முறை கங்காணி தனியாக ஒரு நாற்காலி கொண்டுவரச் செய்து நடுவில் உட்கார்ந்தார். மாஸ்டர் பக்கத்தில். பெண்கள் பீலியில் குடம் வைக்கிற சாக்கில் நின்றார்கள்.

வாள் வீசுகிற நடிகரின் கட்சிக்கு அழகன் என்ற இளவட்டம் தலைவன். எதிர்க்கட்சி, அழுது நடிப்பவருடைய ஆட்கள். அந்த வருஷத்துப் படங்கள் எல்லாமே மட்டம் என்பதில் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை. மற்றவரின் படம் தன் படத்தைவிட மட்டம் என்பதில்தான் சண்டை. அழகன் தன் ஆள் புலியோடு கட்டிப் புரண்டதைச் சொன்னான்.

“புலி கண்ணே சிமிட்டலியே தம்பி” என்றார் சின்னத்தம்பி, கத்தரியை நிறுத்தாமல். “உள்ள வைக்கோலு. ஒங்க ஆளு வைக்கோல்போரோட மல்லுக்கட்டினாரு.”

“ஒங்க ஆளு மட்டும் என்னவாம்? கோர்ட்டுல அழுவுறாரு, கடையில அழுவுறாரு, கல்யாணத்துல அழுவுறாரு. சோறு திங்கிறப்பவாச்சும் விடக்கூடாதா?”

பாட்டு அதிகம், சண்டை கம்மி, அம்மாவாக வருகிறவள் மகனைவிட இளையவளாக இருக்கிறாள் என்று அது நீண்டது. கங்காணி சிரித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார். இந்தப் பிள்ளைகள் தன் நாற்காலியைச் சுற்றி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

அப்போது என் அம்மா பீலிக்கரையிலிருந்து, “மந்திரி படத்த ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டாள்.

பெண்கள் அந்த வாதத்தில் அதற்கு முன் வாய் திறந்ததில்லை. கங்காணி தாராளமாக, அது என்ன படம், சொல்லுங்கள் என்றார். மலையில் பேசியது அவருக்கு எட்டியிருக்கவில்லை. அவருக்குக் கதை சொல்கிற அளவுக்கு நெருங்கிய ஆள் ஒருவரும் தோட்டத்தில் இல்லை.

சொன்னார்கள். வீரம்மா சொல்லவில்லை. அவள் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருத்தி ராஜாவைச் சொன்னாள், ஒருத்தி எடையைச் சொன்னாள், அழகன் திருவிழாவைச் சொன்னான். கூரை வந்தபோது கங்காணியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் அவருடைய வலது கையைப் பார்த்தார்கள். கை துண்டை நோக்கி எழுந்தது, பாதியில் நின்றது, மறுபடி முழங்காலுக்கு வந்தது. அதன் பிறகு அவர் அந்தக் கையை அசைக்கவேயில்லை. தேத்தண்ணீர் ஆறியது.

அந்தப் படத்தில் நடித்தது யார் என்று இரண்டு கட்சியும் கேட்டன. வீரம்மா நிமிர்ந்து, “புது ஆளுங்க. ஒங்க ரெண்டு பேரு ஆளும் இல்ல” என்றாள். அதனால் இரண்டு கட்சிக்கும் தோல்வி இல்லாமல் போயிற்று. எல்லாரும் மந்திரி படம் என்று கை தூக்கினார்கள்.

“எல்லாரும் உந்தப் படத்தைத்தான் சொல்லுகினம், கங்காணியார்” என்றார் மாஸ்டர். “பிறகென்ன, அதையே எடுப்பியுங்கோ.”

கங்காணியால் மறுக்க முடியவில்லை. எந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பார்?

அட்டனுக்கு ஆள் அனுப்பினார். தியேட்டர்க்காரர்கள் சிரித்தார்கள். நுவரெலியாவுக்கு அனுப்பினார். அங்கேயும் அப்படி ஒன்று இல்லை. இதற்கிடையில் பெரட்டில் தினமும் ஒருவர் மாறி ஒருவர், மிகுந்த மரியாதையோடு, கையைக் கட்டிக்கொண்டு, “மந்திரி எப்பங்க வர்றாரு?” என்று கேட்டார்கள். தலைப்பாகையை அவிழ்க்காதவர்கள்கூட அந்தக் கேள்விக்காக அவிழ்த்தார்கள். மடுவத்தில் தராசின் முன் நின்று கூடையை வைக்கும் ஒவ்வொருத்தியும் அந்தப் பாட்டை மெதுவாக முணுமுணுத்தாள். அந்த வாரங்களில் கூடைக்கென்று கழித்த எடை கூடையின் எடை மட்டும்தான் என்று அம்மா சொல்கிறாள்.

தைப்பொங்கல் கழிந்து கோயில் தேர்தலுக்குக் கூட்டம் கூடியது. கங்காணி வெள்ளைத் துண்டு போட்டு வந்திருந்தார். படியில் ஏறி நின்று, அப்படி ஒரு படமே இல்லை, இந்தப் பொம்பளை தோட்டத்தையே ஏமாற்றியிருக்கிறாள், இவள் சொன்னது முழுக்கப் பொய் என்றார். பொய்க்காரியின் பேச்சைக் கேட்டு, கற்பூரம் ஏற்றிய மனிதனை அவமானப்படுத்தினீர்கள் என்றார். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்தார்கள். நியாயம் அவர் பக்கம் திரும்பிய மாதிரி ஒரு கணம் இருந்ததாம்.

அழகன் எழுந்து, அட்டனில் ஓடாவிட்டால் கண்டியில் ஓடியிருக்கலாமே, கொழும்பில் ஓடியிருக்கலாமே, இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டான். கங்காணிக்குப் பல நாளாக அடக்கியது வெடித்துவிட்டது.

“எப்படிடா ஓடும்? எவன்டா எடுப்பான்? இந்தியாவுலேருந்து வந்தா இராமையா வீட்டுக் கூரையப் படம் புடிச்சான்?”

கோயில் மணியின் நாக்கு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சின்னத்தம்பி கேட்டார்: “யாரு வீட்டுக் கூரைங்க?”

வீரம்மா கூட்டத்துக்குள் வழி விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“நான் குங்குமப்பூன்னேன், மந்திரின்னேன். எங்க வீட்டுக்காரு பேர நான் சொல்லவேயில்ல கங்காணி. நீங்கதான் சொல்றீங்க. மூட்டைய வச்சது மந்திரிதானே? நீங்களே சொல்லுங்க.”

கங்காணி பேச வாயெடுத்தார். கை தானாக எழுந்தது. துண்டின் நுனியால் வாயைத் துடைத்தார்.

முதலில் சிரித்தது ஒரு கிழவி. பிறகு கூட்டம் முழுவதும் சிரித்தது. ஆனால் அது சந்தோஷச் சிரிப்பல்ல என்று அம்மா சொல்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு. மாஸ்டர் எழுந்து சால்வையை உதறிக்கொண்டு, “உம்மட வாயாலேயே வந்திட்டுது, கங்காணியார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். தேர்தல் என்று தனியாக ஒன்று நடக்கவில்லை. தலைமை வேறு ஆளுக்குப் போனது. வீரம்மாவைத் தூளு என்று அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. கங்காணியை அவர் காதுபடவே மந்திரி என்றார்கள்.

அது நீதியா என்று எனக்குத் தெரியவில்லை. கோர்ட்டில் இராமையா இன்றைக்கும் திருடன்தான். கொத்மலையில் அவர் கிடக்கிற இடம் எது என்றுகூட வீரம்மாவுக்குத் தெரியாது. ஒரு மனிதனை ஊரே சேர்ந்து சிரித்துச் சிரித்துக் கொல்வது சரியா என்று படித்தவன் மாதிரி அம்மாவிடம் கேட்டேன். படம் பொய் என்று உங்களுக்கெல்லாம் முன்பே தெரியுமா என்றும் கேட்டேன். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் வந்தது. அன்றைக்கு வீரம்மா தியேட்டருக்கே போகவில்லை, அட்டன் ஸ்டேஷன் பெஞ்சில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள் என்று அம்மாவுக்கு அந்தத் திங்கட்கிழமையே தெரியுமாம். “தெரியாம என்ன? அந்த வருஷம் வந்ததுல அதுதான்டா நல்ல படம்” என்றாள்.

வீரம்மா மற்றப் படங்களையும் தொடர்ந்து சொன்னாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் யாராவது மந்திரி படத்தைக் கேட்பார்கள். அவளும் சொல்வாள். கூரைவரை வருவாள், ஏணிவரை வருவாள், பாட்டைப் பாடுவாள். அதன் பிறகு மந்திரி என்ன ஆனான் என்று கேட்டால், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பாள்.

போன மாரி மழைக்காலத்தில் முத்துக்கருப்பன் படுக்கையில் விழுந்தார். மகன்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கூடை தூக்கிக் கொழுந்துக்கு வந்தவள் அவருடைய கடைசி மருமகள் லெட்சுமி. நல்ல பெண். ஒருநாள் அவள் தன் நிரையை விட்டு வந்து வீரம்மாவின் பக்கத்தில் நின்றாள். சுற்றியிருந்த கைகள் மெதுவாயின.

மாமா கேட்டு அனுப்பினார் என்றாள் லெட்சுமி. கண் மூடுவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அந்தப் படத்தில் கடைசியில் மந்திரி என்ன ஆகிறான், அந்தப் பொம்பளை அவனை மன்னிக்கிறாளா என்று கேட்கச் சொன்னாராம். சொல்லிவிட்டு, வழக்கத்தை மறக்காமல், தன் கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்து எடுத்து வீரம்மாவின் கூடையில் போட்டாள்.

வீரம்மா கூடையை இறக்கி வைத்தாள். மேலே கிடந்த அந்தப் பிடிக் கொழுந்தை ஓர் இலை சிந்தாமல் அள்ளி எடுத்து லெட்சுமியின் கூடையில் திருப்பிப் போட்டாள்.

“படம் இன்னும் முடியலன்னு போய்ச் சொல்லு தாயி.”

அம்மா இதைச் சொன்னபோது கல்நெஞ்சு என்று நினைத்தேன். பிறகு அந்தக் கூரையின் மூலையை நினைத்தேன். பிறகு மறுபடியும் லெட்சுமியை நினைத்தேன். முத்துக்கருப்பன் அந்த வாரமே போய்விட்டார். பறைச் சத்தம் மலை முழுக்கக் கேட்டதாம். வீரம்மா நிமிர்ந்து பார்க்காமல், தன் நிரையை முடித்துவிட்டு அடுத்த நிரைக்கு ஏறினாளாம்.